வெள்ளிப் பசையும் ஒரு சின்ன இதழும்

காக்ஸ் டவுன், பெங்களூரு
11 ஜனவரி 2025

ஷில்பா,

கிறிஸ்துமஸ் அன்று போனில் நாம் கத்திக்கொண்ட பிறகு, இனி இந்த விஷயத்தை மெயிலில், எழுத்தில்தான் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதுவும் தமிழில். ஆங்கிலத்தில் எழுதினால் நாம் இரண்டு பேரும் வக்கீல்களாகிவிடுகிறோம்.

இரண்டாவது இதழும் நம் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. உனக்கும் மெயில் வந்திருக்கும். கட்டுரையைச் சோதித்துப் பார்க்கும் ரெஃப்ரி யாருக்கும் அனுப்பவே இல்லை. 'பரந்த வாசகர்களுக்கு ஆர்வமூட்டாது' என்று எடிட்டரே முடித்துவிட்டார். ஓர் ஆக்சைடு படலம் வீணாகும் வெப்பத்திலிருந்து வழக்கத்தைவிட மூன்று மடங்கு மின்னழுத்தம் தருகிறது என்று அந்தப் பெரிய இதழ் அட்டையில் போட்டபோது எல்லோருக்கும் ஆர்வமாக இருந்தது. தரவில்லை என்று நாம் சொன்னால் யாருக்கும் ஆர்வமில்லை.

நாம் கண்டது சிக்கலான விஷயமே இல்லை. படலத்தின் ஒரு முனையைச் சூடாக்கினால் மின்னழுத்தம் வருகிறது. அது உண்மை. ஆனால் சூட்டை அளக்கும் கம்பியை அந்தக் கட்டுரையை எழுதிய கனடாக் குழு வெள்ளிப் பசையால் ஒட்டியிருந்தது. அந்தப் பசையும் கம்பியும் சூட்டை இழுத்துக்கொள்ள, இரண்டு முனைகளுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைவாகத் தெரிந்தது. குறைந்த எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகத்தானே வரும்? நீ ஸ்வீடனில் படலத்தின் மேலேயே வெப்பமானியை மெல்லிய உலோகக் கோடாகப் பதித்து அளந்தபோது அந்த மூன்று மடங்கு காணாமல் போனது. கண்டுபிடித்தது உன் அளவீடு. என் கல்லூரி லேபில் நான் செய்ததெல்லாம் அதை வேறு வழியில் சரிபார்த்ததுதான். இதை எங்கேயும் மறைக்க மாட்டேன்.

போன வாரம் மைசூரிலிருந்து மமதா என்றொரு ஆராய்ச்சி மாணவி மெயில் போட்டிருந்தாள். அதே படலத்தை எத்தனை முறை செய்தும் அவளுக்கு அந்த எண் வரவில்லையாம். 'என் கை சரியில்லை என்று கைடு சொல்கிறார். மேடம், உங்களுக்கு வந்ததா?' என்று கேட்கிறாள். எனக்கும் வரவில்லை என்று பதில் போட்டேன். அதைத் தன் கைடிடம் காட்டியிருக்கிறாள். 'எந்த ஜர்னலில் வந்திருக்கிறது?' என்று கேட்டாராம்.

நம் ஊர் டெக்கான் ஜர்னலுக்கு அனுப்பிவிடலாம். சீனிவாசராகவன் சார் எடிட்டராக இருக்கும்வரை அங்கே கட்டுரையை முழுக்கப் படிக்கிறார்கள். அதில் வரும் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள், அதன் இம்பாக்ட் ஃபாக்டர் என்ன என்று எனக்கும் தெரியும். அதைச் சொல்லி நீ சிரிக்க வேண்டாம்.

ஆஞ்சலா


லுண்ட், ஸ்வீடன்
14 ஜனவரி 2025

ஏய் ஆஞ்சி,

நான் சிரிக்கல. எனக்குச் சிரிப்பு வர்ற நெலமையில்ல.

ஜூன்ல பெங்களூர்ல இன்டர்வியூ இருக்கு, உனக்கே தெரியும். நிரந்தர வேலை, சொந்த லேப், எங்க ஈஜிபுரா வீட்டுலேர்ந்து ஒரே பஸ். விளம்பரத்தை நீயும் படிச்சிட்டுத்தானே 'உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு'ன்னே? அதுல என்ன போட்டிருக்கான்? கடைசி அஞ்சு வருஷத்துல க்யூ ஒன் ஜர்னல்ல வந்த பேப்பருங்க. க்யூ ஒன்னுன்னா அந்தத் துறையில இருக்கிற ஜர்னலையெல்லாம் வரிசையா நிக்க வச்சா முதல் கால் பங்கு. உன் டெக்கான் ஜர்னல் கடைசி கால் பங்கு. ரெண்டு வருஷமா நான் செஞ்ச வேலை முழுக்க இந்த ஒரு பேப்பர். இதை அங்க போட்டா அந்த கமிட்டிக்கு நான் ரெண்டு வருஷம் தூங்கினதா அர்த்தம்.

உனக்கு இது புரியாது. கோபத்துல சொல்லல, நெஜமாத்தான் சொல்றேன். நீ பர்மனென்ட். காக்ஸ் டவுன்ல உங்கப்பா ரெமிஜியஸ் சார் கட்டின வீடு. கதவுல 'டாக்டர் ஆஞ்சலா'ன்னு போர்டு. எங்க தெருவுல டாக்டர்னா ஊசி போடறவங்க. எங்கப்பா முனிராஜ் பீன்யாவுல லேத்து ஓட்டி என்னைப் படிக்க வச்சாரு. 'பாப்பா இன்னும் படிச்சிட்டிருக்கா?'ன்னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்லி அவருக்கு அலுத்துப் போச்சு. எனக்கு இங்க வருஷா வருஷம் கான்ட்ராக்ட்.

கொஞ்சம் பொறு. தலைப்பை மாத்தலாம். 'இது தப்பு'ன்னு சொல்லாம, 'ஒட்டும் முறையைப் பொறுத்து மின்னழுத்தம் கூடுகிறது'ன்னு சொல்லலாம். பொய் ஒண்ணும் இல்லியே? எண்ணெல்லாம் அதே எண்ணுதான். அப்படி எழுதினா எடுத்துக்கறதுக்கு நல்ல ஜர்னல் இருக்கு.

ஷில்பா


காக்ஸ் டவுன்
2 பிப்ரவரி 2025

ஷில்பா,

இன்று காலை பூசை முடிந்து வெளியே வந்து போனைப் பார்த்தேன். எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஓர் எடிட்டோரியல் ஆபீஸ் எனக்கு நன்றி சொல்லியிருந்தது. 'உங்கள் சக ஆசிரியர் சமர்ப்பித்த கட்டுரையில் உங்கள் பெயர் இருப்பதால் தெரிவிக்கிறோம்.' சர்ச் படிக்கட்டில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். அப்பா இரண்டு முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

'வெள்ளித் தொடுகையால் தூண்டப்படும் உயர் வெப்ப மின்னழுத்தம்.' இதுவா நாம் கண்டது? எண்கள் அதேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் அளவீட்டுப் பிழைக்கு நீ தலைப்பாகை கட்டிவிட்டிருக்கிறாய். இதைப் படிக்கிறவர் யாரும் அந்தப் பெரிய கட்டுரை தவறு என்று நினைக்க மாட்டார். அது இன்னொரு இடத்திலும் நிரூபணமாகிவிட்டது என்றுதான் நினைப்பார்.

என்னைக் கேட்காமல் என் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறாய். பதினோரு வருஷப் பழக்கத்தில் நீ என்னைக் கேட்காமல் என் செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டு போனதில்லை.

நான் இன்னும் அந்த ஆபீசுக்கு எதுவும் எழுதவில்லை. நீயாகத் திரும்பப் பெற்றுக்கொள்.

ஆஞ்சலா


லுண்ட்
3 பிப்ரவரி 2025

ஆஞ்சலா,

உன் பேரைப் போடாம அனுப்பியிருந்தா திருட்டுன்னு சொல்லியிருப்பே. போட்டு அனுப்பினா இப்படிச் சொல்றே.

கேட்டா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். அதனாலதான் கேக்கல. திரும்ப வாங்க மாட்டேன். நீ வேணும்னா எழுது. 'என் ஃபிரெண்டு ஃபிராடு'ன்னு எழுது. உன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கு, உடனே நம்புவாங்க.

நீ நெஞ்சை நிமித்திட்டு நிக்கறதுக்குக் கீழ தரை கெட்டியா இருக்கு. எனக்கு அப்படி இல்ல. இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்ல.

ஷில்பா


காக்ஸ் டவுன்
20 மார்ச் 2025

ஷில்பா,

இத்தனை நாள் அந்த ஆபீசுக்கு நான் எழுதவில்லை. பயம் என்று நினைக்காதே. எழுதினால் உன் வேலை போகும், அங்கேயும் இங்கேயும். அந்த மெயிலை மூன்று முறை டைப் செய்து மூன்று முறையும் அழித்தேன்.

போன சனிக்கிழமை மைசூர் போயிருந்தேன், மமதாவைப் பார்க்க. குரலே வெளியே வராத பெண். லேபில் இடம் கொடுத்த மூலையில் அவள் தானாகவே செய்த அளவீட்டு மேடை. கம்பியைப் பசையால் ஒட்டாமல் மென்மையான இண்டிய உலோகத்தை அழுத்தி ஒட்டியிருந்தாள். 'ஏன் இப்படி?' என்றேன். 'பசை காய்ந்தால் விரிசல் விடுது மேடம், நம்ப முடியல' என்றாள். அவளுக்கு எண் வராததற்குக் காரணமே அதுதான். அவள் சரியாகச் செய்திருக்கிறாள், ஷில்பா. சரியாகச் செய்ததற்காக இரண்டு வருஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய கைடு மஞ்சுநாத்தும் வந்தார். கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனுஷர். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேடம், நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அந்த ஜர்னல் எங்க, நாங்க எங்க? உலகத்துலயே பெரிய இதழ் தப்பு, எங்க பொண்ணு சரின்னு ஜூலை கமிட்டியில நான் எந்த முகத்தோட சொல்றது? ஃபெலோஷிப்பை நிறுத்திடுவாங்க. அச்சுல வந்த ஒரு பேப்பரைக் கொடுங்க. எந்த ஜர்னலா இருந்தாலும் பரவாயில்ல. அதை மேஜையில போட்டுப் பேசறேன்."

மமதா என்னை பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவிட வந்தாள். "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா மேடம்?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். ராம்நகர் வரும்வரை எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பியே இருக்க வேண்டியிருந்தது.

நீ தரையைப் பற்றிச் சொன்னது சரி. என் காலுக்குக் கீழே கெட்டியாக இருக்கிறது. அதனால் நான் செய்ய வேண்டியதையாவது செய்கிறேன். திங்கட்கிழமை அந்த ஆபீசுக்கு எழுதுவேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. 'கட்டுரையின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை, என் பெயரையும் என் அளவீடுகளையும் நீக்குங்கள்' என்று மட்டும். பிறகு என்னிடம் இருப்பதை வைத்து டெக்கான் ஜர்னலுக்குத் தனியாக எழுதுகிறேன். உன் அளவீடு இல்லாமல் அது நொண்டிக் கட்டுரையாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ஆஞ்சலா


லுண்ட்
23 மார்ச் 2025

ஆஞ்சி,

திங்கக்கெழம எழுதாதே. எழுதறதுக்கு அங்க எதுவும் இல்ல. இதை முழுசாப் படி.

வெள்ளிக்கெழம மத்தியானம் பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு. சின்னத் திருத்தம்தான் கேட்டாங்க. க்யூ ஒன். கேன்டீன்ல போய் ஒரு பன் வாங்கிட்டு வந்து உக்காந்து ரெஃப்ரி ரிப்போர்ட்டைத் திறந்தேன்.

மொத ரெஃப்ரி நாலே வரி. பேப்பரைப் படிச்ச மாதிரியே தெரியல. ரெண்டாவது ஆளு நல்லாப் படிச்சிருக்கார். என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'முன்பு அறிவிக்கப்பட்ட முக்கியமான விளைவை ஆசிரியர்கள் சுயேச்சையாக உறுதி செய்திருக்கிறார்கள். வெள்ளிப் பசையால் ஒட்டும் முறையை இனி எல்லா ஆய்வகங்களும் பின்பற்றப் பரிந்துரைக்கிறேன். ஆசிரியர்கள் அதை ஒரு செய்முறையாக விரிவாக எழுத வேண்டும்.'

எல்லா ஆய்வகங்களும்.

என்னால அந்த பன்னைத் தின்ன முடியல ஆஞ்சி. அவர் மேல தப்பே இல்ல. நான் எழுதினதை அவர் சரியாப் புரிஞ்சிக்கிட்டார். பொய் ஒண்ணும் இல்லியேன்னு உனக்கு எழுதினேன் பாரு, அந்த வரிதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்தது. நான் எழுதின ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியா உண்மை. மொத்தமாப் படிச்சா உலகத்துல இருக்கிற மமதாவுங்க எல்லாருக்கும் இண்டியத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் பசையைக் கையில எடுங்கன்னு சொல்லுது. அப்புறம் அவங்க எல்லாருக்கும் அந்த எண்ணு வரும். எல்லாரும் என் பேப்பரை மேற்கோள் காட்டுவாங்க. அந்த ஜர்னலோட இம்பாக்ட் ஃபாக்டர் இன்னும் கொஞ்சம் ஏறும். தப்பா சரியான்னு அந்தக் கணக்குக்குத் தெரியாது. எத்தனை பேர் பேரைச் சொன்னாங்கன்னு மட்டும்தான் தெரியும்.

உன் மைசூர் லெட்டரை அன்னிக்குக் காலையிலேயே படிச்சிருந்தேன். படிச்சிட்டு ஒதுக்கி வச்சிருந்தேன். அது வேற யாரோட கஷ்டமோன்னு.

வாபஸ் வாங்கிட்டேன். காரணம் கேட்டு எடிட்டர் ஒரு மெயில், அப்புறம் ஒரு போன். 'அக்செப்ட் ஆன பேப்பரை யாராவது வாபஸ் வாங்குவாங்களா?'ன்னு கேட்டார். 'முடிவு தப்பாப் புரியற மாதிரி எழுதிட்டேன், சக ஆசிரியர் சம்மதமும் வாங்கல'ன்னு சொன்னேன். அப்புறம் வச்சிட்டார்.

மன்னிச்சிடுன்னு எழுத வரல. நேர்ல வந்து சொல்றேன். பழைய தலைப்பைப் போட்டு டெக்கானுக்கு அனுப்பு. என் அளவீடு மொத்தத்தையும் இத்தோட அனுப்பியிருக்கேன். என் கையெழுத்து எங்க வேணும்னாலும் போட்டுக்கோ. இந்த வாட்டி நீ என்னைக் கேக்க வேண்டாம்.

ஷில்பா


காக்ஸ் டவுன்
16 மே 2025

ஷில்பா,

கேட்காமல் போட மாட்டேன். அதனால்தான் ஏப்ரலில் உனக்கு ஒவ்வொரு பக்கமாக அனுப்பி உயிரை எடுத்தேன்.

டெக்கான் ஜர்னலின் ரெஃப்ரி ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒன்பது பக்கம்! நம் கட்டுரையே ஏழு பக்கம்தான். யாரோ ஒருவர் நம் எண்களையெல்லாம் தானே மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்றாவது படத்தில் அளவீட்டுப் பிழையைக் காட்டும் கோடுகளைச் சிறிதாகப் போட்டுவிட்டோம் என்கிறார். சரிதான், அது என் தவறு. உன் வெப்பமானிக் கோடே சூட்டை இழுக்காது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார். இந்தக் கேள்வியை நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. கோட்டின் அகலத்தைப் பாதியாக்கி நீ மறுபடி அளக்க வேண்டும்.

சீனிவாசராகவன் சாருக்கு போன் செய்தேன். "கஷ்டமான கேள்வியாக் கேட்டிருக்காங்க இல்ல? பதில் சொல்லுங்கம்மா. பதில் சொல்ல முடியலேன்னா போட மாட்டேன்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவாயா?

உன் பெயரை முதலில் போட்டிருக்கிறேன். சண்டை போடாதே, வேலை உன்னுடையது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜூன் இன்டர்வியூ பட்டியலில் இதைச் சேர்க்காமல் விட்டால் நான் தவறாக நினைக்க மாட்டேன். உன் மற்ற கட்டுரைகளே போதும் என்று தோன்றுகிறது.

ஆஞ்சலா


ஈஜிபுரா
19 ஜூன் 2025

ஆஞ்சி,

நான் ஊருக்கு வந்த நேரம் பாத்து நீ பரீட்சைப் பேப்பர் திருத்த தார்வாட் போய் உக்காந்துட்டே. போன்ல சொன்னா பாதியிலே அழுதுடுவேன், அதான் எழுதறேன். அம்மா பக்கத்துல புளி கரைச்சிட்டிருக்கு, 'யாருக்கு இவ்ளோ நீளமா?'ன்னு கேக்குது. ஆஞ்சலாவுக்குன்னு சொன்னா, 'சண்டை தீந்துச்சா?'ன்னுது. நான் சொல்லவே இல்ல, எப்படித் தெரிஞ்சுதோ.

இன்டர்வியூ நேத்து. அஞ்சு பேர். நடுவுல பாலசுப்ரமணியன்னு ஒருத்தர், அவர்தான் தலைவர். நல்லாவே போச்சு, கடைசிப் பத்து நிமிஷம் வரைக்கும். அப்புறம் என் லிஸ்ட்டைத் திருப்பி, போன வாரம் அக்செப்ட் ஆன நம்ம பேப்பர்கிட்ட நிறுத்தினார்.

"இந்த டெக்கான் ஜர்னல், இதோட இம்பாக்ட் ஃபாக்டர் என்ன?"

"ஒண்ணுக்குக் கீழ சார்."

"உங்க மத்த பேப்பரெல்லாம் நல்ல எடத்துல இருக்கே. இது ஏன் அங்க போச்சு?"

"அங்கதான் சார் கேள்வி கேட்டாங்க."

ஒருத்தர் சிரிச்சார். பாலசுப்ரமணியன் சிரிக்கல. கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "லிஸ்ட்லேர்ந்து இதை எடுத்திருக்கலாமே. உங்க சராசரி ஏறியிருக்கும். யாரும் சொல்லலியா?"ன்னார்.

"சொன்னாங்க சார். நான்தான் எடுக்கல. நான் செஞ்சதுலயே சரியா செஞ்ச வேலை இதுதான்."

அப்புறம் வெள்ளிப் பசை பத்தி, கோட்டைப் பாதியாக்கி அளந்தும் அதே எண்ணு வந்தது பத்தி எல்லாம் சொன்னேன். போர்டுல வரைஞ்சு காட்டினேன். ரெண்டு பேர் முன்னால சாஞ்சு கேட்டாங்க. பாலசுப்ரமணியன் கடிகாரத்தைப் பாத்தார்.

சாயங்காலமே சொல்லிட்டாங்க. என் பேர் இல்ல.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். 'ஏன்?'ன்னார். நான் சொல்லச் சொல்ல தலையாட்டிட்டே இருந்தார். எவ்ளோ புரிஞ்சுதோ தெரியல. கடைசியில, 'அப்ப அடுத்தது எங்க அப்ளிகேஷன் போடற?'ன்னு கேட்டார். அவ்ளோதான். எனக்கு அதுவே போதுமா இருந்தது.

வருத்தம் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். பஸ்ஸுல வரும்போது அந்தக் கட்டடத்தைத் திரும்பித் திரும்பிப் பாத்தேன். ஆனா அந்த பதிலை மாத்திச் சொல்லியிருக்கலாமோன்னு ஒரு தடவைகூடத் தோணல. லுண்ட்ல இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சிருக்காங்க. அதுக்குள்ள பாக்கறேன். எடம் கெடைக்கிற வரைக்கும் போட்டுட்டே இருப்பேன்.

நீ சனிக்கெழம வந்துடுவே இல்ல? காக்ஸ் டவுனுக்கு நானே வரேன். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை பாக்கி இருக்கு.

ஷில்பா


காக்ஸ் டவுன்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷில்பா,

கட்டுரை வந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு காந்தவியல் கட்டுரைக்கும் இரங்கல் குறிப்புக்கும் நடுவில். என் கல்லூரி முதல்வர் பார்த்துவிட்டு, "இதுக்கு ரேங்கிங்ல பாயின்ட் கிடையாதே, மேடம்" என்றார். கிடையாதுதான் என்றேன்.

மஞ்சுநாத் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஜூலை கமிட்டியில் அக்செப்ட் ஆன கட்டுரையை மேஜையில் போட்டுப் பேசியிருக்கிறார். மமதாவின் ஃபெலோஷிப் தொடர்கிறது. 'எனக்கு வந்த எண்கள் சரியானவை' என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதப் போகிறாளாம். நேற்று போனில் பேசினாள். குரல் நன்றாகவே வெளியே வருகிறது.

போபாலிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போலந்திலிருந்தும் கட்டுரையைப் படித்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கதைதான்: அந்த எண் வரவில்லை, தங்கள் கை சரியில்லை என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். அந்தப் பெரிய கட்டுரையை எழுதிய கனடாக் குழுவிலிருந்து நம் இருவருக்கும் மெயில் வந்திருக்கிறது. உன் இன்பாக்ஸில் நேரம் பார்த்துத் திற, கோபம் வரலாம். நாம் செய்த படலமே வேறு, தங்கள் படலத்தில் விளைவு உண்மையாகவே இருக்கிறது என்கிறார்கள். கடைசியில் ஒரு வரி: 'நம்பாவிட்டால் வந்து அளந்து பாருங்கள்.' சவாலா அழைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மரியாதையாக ஒரு பதில் எழுதி முடித்துவிடலாமா?

ஆஞ்சலா


லுண்ட்
30 ஆகஸ்ட் 2025

ஆஞ்சி,

பதில் எழுதியாச்சு. வரேன்னு எழுதிட்டேன். அவங்களும் தேதி கொடுத்துட்டாங்க, அக்டோபர்ல.

அவங்க படலம், அவங்க லேப், அவங்க கண்ணு முன்னாடி. ஒரு பாதியை அவங்க பசை போட்டு ஒட்டட்டும். மறு பாதியில நான் என் கோட்டைப் பதிக்கறேன். மமதாகிட்ட இண்டியம் ஒட்டற முறையை விவரமா எழுதி வாங்கி எனக்கு அனுப்பு. அதையும் செஞ்சு பாக்கணும். அந்தப் பொண்ணு பேரும் பேப்பர்ல வரணும்.

நாம சொன்னது சரின்னு வந்தா அவங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடணும்னு கேட்டிருக்கேன். ஒத்துக்கிட்டாங்க. அவங்க சொன்னது சரின்னு வந்தா, 'நாங்கள் தவறாகச் சொன்னோம்'னு தலைப்புலயே போட்டு நாம எழுதறோம். சீனிவாசராகவன் சார்கிட்ட இப்பவே சொல்லி வை. ரெண்டுல எதுவா இருந்தாலும் அவருக்குத்தான் அனுப்பறோம்.

ஷில்பா